மனைவியின் சார்பில்

எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் பிணவறைக்குச் சொல்லி அனுப்புவார்கள், அடுத்து எனக்கு. போதகருக்கு மூன்றாவது இடம்தான். சால்ட்பாண்ட் பஸ் நிலையத்துக்கு எதிரே, கென்கே என்கிற சோளமாவு உருண்டை விற்கும் பெண்களுக்குப் பின்னால் இருக்கிற பாய்டூ அச்சகம் என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், ரிப்போர்ட் கார்டு எல்லாம் அடித்துத் தரப்படும் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் உலை கொதிப்பது சாவுப் புத்தகத்தால்தான். அட்டையில் இறந்தவர் படம், உள்ளே அவர் வரலாறு, பாட வேண்டிய பாட்டுகள், பிறகு அஞ்சலிகள். குடும்பத்தின் அஞ்சலி, மனைவியின் அஞ்சலி, பிள்ளைகளின் அஞ்சலி, பேரப்பிள்ளைகள், சங்கம், சபை என்று அது பாட்டுக்குப் போகும். சனிக்கிழமை அடக்கத்துக்கு முன்னால் தேவாலயத்தில் ஒவ்வொன்றையும் நின்று வாசிப்பார்கள். அதுவரை பெட்டியும் காத்திருக்கும், பின்னால் பந்தலில் ஜொலோஃப் சோறும் காத்திருக்கும்.

எர்னஸ்டினா டீச்சர் வருவதற்கு முன்னால் இந்த அஞ்சலிகளை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்பது பெரிய வார்த்தை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு அஞ்சலி இருந்தது. யார் செத்தாலும் அதில் பெயரை மாற்றுவேன். 'எங்கள் குடும்பத்தின் தூணே, எங்கள் இருட்டுக்கு விளக்கே, இனி யாரிடம் போவோம்' என்று ஆரம்பிக்கும். யாரும் குறை சொன்னதில்லை. ஒரு தடவை, கல்யாணமே செய்துகொள்ளாத உபதேசியார் அக்குவா இறந்தபோது, அதற்கு முந்தின வாரம் மீன் சுடும் ஒரு அம்மாளுக்கு அடித்ததில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டேன். 'எட்டுப் பிள்ளைகளைப் பெற்றெடுத்த அன்புத் தாயே' என்று உபதேசியாரைப் பார்த்து வாசித்தார்கள். வாசித்தவர் நிற்கவில்லை. சபையும் 'ஆமென்' என்றது. எல்லாருக்கும் பசி.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் என் கடைக்கு வந்தார். மெதடிஸ்ட் ஆரம்பப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு பீஸ் துணியும் கொடுத்து வழியனுப்பியிருந்தது. மெலிந்த உடம்பு, வெட்டிய நரைமுடி, கையில் குடை. உபதேசியாரின் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மை. அட்டையில் பத்துக்கு இரண்டு.

"கொபினா, அக்குவா எப்போடா எட்டுப் பிள்ளை பெத்தார்?"

"அது கம்ப்யூட்டர் பண்ணின தப்பு, டீச்சர்."

"அப்போ கம்ப்யூட்டரைக் கூப்பிடு. அதை முட்டி போடச் சொல்றேன்."

கென்கேக்காரிகள் சிரித்தார்கள். எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயது, தலையில் வழுக்கை, இருந்தாலும் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். நான் இரண்டிலும் உண்டு.

"இந்த ஊர்ல சாகறவங்க எல்லாரும் ஒரே ஆளாடா? எல்லாரும் தூணு, எல்லாரும் விளக்கு. மேல வாசல்ல நிக்கறவரு யாரை யாருன்னு கண்டுபிடிப்பாரு?"

"பணம் குடுக்கறவங்க தூணுதான் கேக்கறாங்க, டீச்சர்."

"இனிமே நான் எழுதறேன். நீ வாயை மூடிட்டு அச்சடி."

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்குமேல் கரும்பலகையில் எழுதிய கை, அதுவும் சும்மா இருக்கவில்லை. அப்படித்தான் டீச்சர் எழுத்தாளர் ஆனார். ஊரில் யாராவது எழுத்தாளர் என்று கூப்பிட்டால் முறைப்பார். கூப்பிடாவிட்டால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும்.

காலையில் கடை திறந்ததும் வருவார். ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டேன். மடியில் அட்டை, அதன்மேல் கோடு போட்ட தாள். ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பார். துக்க வீட்டுக்குப் போனால் பிறந்த தேதி, படித்த பள்ளி, வகித்த பதவி எதையும் கேட்கமாட்டார். "அதெல்லாம் உங்க பெரியவர் வரலாற்றுல சொல்லிடுவாரு. அவரு செய்யற, வேற யாருமே செய்யாத ஒரு காரியம் சொல்லுங்க" என்பார். சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டார். மீன்காரி ஒருத்தி பணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இடுப்புத் துணியில் முடிவாளாம். ஒரு தையல்காரர் தூக்கத்தில்கூட ஆட்களுக்கு அளவு சொல்லுவாராம், "இடுப்பு நாப்பது, பொய் சொல்றான்" என்று. அதெல்லாம் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டபோது ஜனம் முதலில் வாய்விட்டுச் சிரித்தது, பிறகு மூக்கைச் சிந்தியது. தூண் விளக்கு காலத்தில் அழுகை சத்தமாக இருக்கும். இப்போது கண்ணில் தண்ணீரே வந்தது. பேர் பரவிவிட்டது. மான்கெசிமிலிருந்தும் அனோமாபோவிலிருந்தும் ஆள் வந்தார்கள்.

"டீச்சர், நான் செத்தா என்னைப் பத்தி என்ன எழுதுவீங்க?" என்று கென்கேக்காரி ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்.

"வருஷா வருஷம் இவ பெருத்துட்டே போனா, கென்கே சின்னதாகிட்டே போச்சுன்னு எழுதுவேன்."

"சாவு வீட்டுக்கே எழுதறீங்களே, ஒரு கதை எழுதக் கூடாதா? நல்ல காதல் கதையா?"

"தெரிஞ்சதைத்தான் எழுதணும்."

"உங்களுக்குத் தெரியாததா?" என்று அவள் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் கோடு இழுக்க ஆரம்பித்தார். அந்தக் கோடு கோணலாகப் போனது.

அந்தப் பழைய கதை ஊருக்கே தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். எனக்கு என் அம்மா சொல்லித்தான் தெரியும். டீச்சருக்கு முதல் வேலை அசின் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றில். அந்தச் செம்மண் பாதையில் போன ஒரே லாரி எபோ பிளாங்க்சனுடையது. பின்னால் வாழைக்குலை, கோழி, மனிதர்கள். முன் சீட்டு டீச்சருக்கு. விடுமுறைக்கு வரும்போதும் போகும்போதும் அந்தச் சீட்டை எபோ வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார், கிராமத் தலைவர் வந்து கேட்டாலும் பின்னால் ஏறுங்கள் என்பாராம். இரண்டு குடும்பத்துக்கும் விஷயம் தெரிந்து, எபோவின் தாய் ஜின் பாட்டில்களோடு போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டிச் சம்பந்தம் பேசியாயிற்று. பெண் வீட்டில் பாட்டிலை வாங்கிக்கொண்டதால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அப்புறம் அந்தப் பஞ்ச காலம் வந்தது. கடைகளில் அலமாரிதான் இருந்தது, சாமான் இல்லை. சம்பளத்துக்குச் சோப்புகூடக் கிடைக்காது. எங்கள் டீச்சர்கள் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் போனார்கள். இவரும் போனார். இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு வருகிறேன், வந்து கல்யாணம் என்று எபோவிடம் சொல்லிவிட்டுப் போனார். போன இடத்திலிருந்து ஒரு சேதியும் ஒழுங்காக வந்து சேரவில்லை. இடையில் துணி வியாபாரம் செய்த ஒருத்தி அங்கிருந்து திரும்பியவள், "உங்க டீச்சர் அங்க ஒரு ஹெட்மாஸ்டரைக் கட்டிக்கிட்டு மூணு மாசமா முழுகாம இருக்கா" என்று சொல்லிவிட்டாள். யாரைப் பார்த்துவிட்டு யாரென்று சொன்னாளோ, அவள் வாயில் மண்ணைப் போட. எபோ நம்பவில்லை. ஒரு வருஷம் வரை பொறுத்தார். எல்லையையும் மூடிவிட்டார்கள், போய்ப் பார்க்கவும் வழியில்லை. தாய் படுக்கையில் விழுந்து, "பேரனைப் பார்க்காம சாகணுமா" என்று அழுதாள். எக்குவாவைக் கட்டிவைத்தார்கள்.

நைஜீரியா நம் ஜனங்களை மூட்டை முடிச்சோடு துரத்தியது அதற்கப்புறம்தான். டீச்சரும் கட்டம் போட்ட பெரிய பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார், இதே பஸ் நிலையத்தில். பைக்குள் புதுக் குடித்தனத்துக்கான பீங்கான் பாத்திரங்கள். இறங்கின இடத்திலேயே யாரோ, "எபோவுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு, தெரியுமா?" என்று கேட்டார்களாம். டீச்சர் பையை இறக்கி வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லது, யார் ஜாடை?" என்று கேட்டார் என்பாள் என் அம்மா. அந்தப் பாத்திரங்களைப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஒரு சண்டையும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் துணி வியாபாரக்காரியின் கடையை ஒரு உதையாவது உதைத்திருக்க வேண்டாமா?

அதற்கப்புறம் நாற்பது வருஷம் ஒரே ஊர், ஒரே தேவாலயம். எபோ லாரியை விட்டுவிட்டு மான்கெசிமுக்கு ஆள் ஏற்றிப் போகும் ட்ரோட்ரோ வேன் ஓட்டினார். டீச்சரைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நோட்டுத் திருத்த நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இருவரும் எதிர்ப்படுவார்கள். "டீச்சர், நல்லாயிருக்கீங்களா?" "நல்லாயிருக்கேன் டிரைவர், வீட்ல எல்லாரும் சுகமா?" "சுகம் டீச்சர்." "கடவுளுக்கு நன்றி." அவ்வளவுதான். நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஆனால் டிரைவர் எதிர்ப்படாத ஞாயிறுகளில் டீச்சர் வாசலில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருப்பார்.

எபோ பிளாங்க்சன் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபூஃபூ சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எழுபதைத் தாண்டின நல்ல சாவு, முழுக் கறுப்பு வேண்டாம், வெள்ளையும் கறுப்பும் உடுத்தலாம் என்றார்கள். தேமா துறைமுகத்தில் வேலை பார்க்கும் மூத்த மகன் ஜோயல் என் கடைக்கு வந்தான். எல்லாமே டீச்சர் எழுத வேண்டும், ஆறு அஞ்சலி, செலவைப் பற்றிக் கவலையில்லை என்றான். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எழுதறேன்" என்றார். அவன் போகும்வரை முகத்தில் ஈயாடவில்லை.

"முடியலைன்னா சொல்லிடுங்க டீச்சர். நான் பழைய தூணைத் தூசி தட்டிப் போட்டுடறேன்."

"என் டிரைவருக்கு உன் தூணா?" என்றார். தன் வாயிலிருந்து வந்த 'என்' அவர் காதிலேயே விழுந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குடும்பத்துக்கு எழுதினார். பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, டிரைவர் சங்கத்துக்கு, சபைக்கு எழுதினார். அஞ்சு பேர் வாயால் ஒரே மனிதருக்காக அழுதார். நான் தட்டச்சு செய்துகொண்டே படித்தேன். எல்லாம் நன்றாக இருந்தன, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"டீச்சர், உங்க பேர்ல ஒண்ணு போடலாம். கடைசிப் பக்கத்துல இடம் இருக்கு. 'ஒரு நண்பரின் அஞ்சலி'ன்னு."

"எந்த நண்பர்? சபை எழுந்து நின்னு கேக்கும். எங்க போடுவே அதை? குடும்பத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? பொண்டாட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் தலையைச் சொறிந்தேன். எங்கள் அடக்க ஆராதனையில் ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு வரிசை உண்டு. சங்கத்தில் சேர்ந்தவன் சங்கத்தோடு அழலாம், வேலை பார்த்தவன் வேலைக்காரரோடு அழலாம். கதவைத் தட்டிக் கேட்டும், கல்யாணம் நடக்காமல் போனவளுக்கு அதில் இடமில்லை.

டீச்சர் என்னைப் பார்க்காமல், பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருஷமா அந்த ஆளை நல்லாயிருக்கீங்களான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன், கொபினா. போய்ட்டு வாங்கன்னு ஒரு தடவை சொல்லணும். பெட்டியை மூடறதுக்குள்ள, அவர் பக்கத்துல நின்னு. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. அதுக்குத்தான் இந்த ஊர்ல எனக்கு ஒரு வழியும் இல்லை."

மிச்சம் இருந்தது மனைவியின் அஞ்சலி. டீச்சர் எக்குவாம்மா வீட்டுக்குப் போனார். எக்குவாம்மா நல்ல பெண்மணி, வாய் கொஞ்சம் நீளம், சந்தையில் புகைபோட்ட மீன் விற்கிறவர். வழக்கமான கேள்வியை டீச்சர் கேட்டிருக்கிறார். வேறு யாரும் செய்யாத ஒரு காரியம் சொல்லுங்க.

"என்ன சொல்றது டீச்சர்? சாப்பிட்டார், வண்டி ஓட்டினார், சம்பாதிச்சதைக் கையில குடுத்தார். குடிக்கல, அடிக்கல. நான் பேசினா கேட்டுக்கிட்டே இருப்பார். நல்ல மனுஷன். அவ்வளவுதான் தெரியும் எனக்கு."

டீச்சர் வெறும் தாளோடு திரும்பி வந்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரிகூட இல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் அவர் வந்ததில்லை. அச்சுக்கு ஏற்ற வேண்டிய அன்று காலையில் மடித்த தாள் ஒன்றை என் மேஜைமேல் போட்டுவிட்டு, ஸ்டூலில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவருடைய வழி அவரையே மாட்டிவிட்டிருந்தது. ஒரு காரியம் இல்லாமல் அவரால் எழுத முடியாது. எக்குவாம்மாவிடம் அது இல்லை. தன்னிடம் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டார்.

மத்தியானம் எக்குவாம்மாவும் ஜோயலும் சரிபார்க்க வந்தார்கள். எக்குவாம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வாசித்து வாசித்து எங்கள் ஃபான்டே பாஷையில் சொல்ல வேண்டும். மற்ற ஐந்தும் முடிந்தன. மனைவியின் அஞ்சலியை எடுத்தேன். பாதி வரை ஒழுங்காகப் போனது. பிறகு இப்படி வந்தது:

'எல்லா டிரைவர்களும் வண்டியை எடுப்பதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார்கள். என் கணவர் தன் பக்கத்தைக் கடைசியாகத்தான் துடைப்பார். பக்கத்தில் உட்காருகிறவளின் பக்கத்தை முதலில் துடைப்பார். புழுதி முழுதும் போகும்வரை துடைப்பார். நான் ரோட்டைப் பார்த்தால் போதும், நீ எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பார்.'

ஜோயல் குறுக்கிட்டான். "இது யார் சொன்னது? அம்மா முன் சீட்ல உட்கார்ந்ததே இல்லையே. முன்னாடி உட்கார்ந்தா அவங்களுக்கு வாந்தி வரும். எப்பவும் பின்னாடிதான்."

டீச்சர் எழுந்துவிட்டார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. "தப்பா எழுதிட்டேன். போன மாசம் ஒரு டிரைவருக்கு எழுதினேன், அது கலந்துபோச்சு. கொபினா, அதை அழி."

போன மாதம் எந்த டிரைவரும் சாகவில்லை. நான் அழிக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"கையை எடு" என்றார் எக்குவாம்மா.

நான் எடுத்துவிட்டேன்.

"ஜோயல், எனக்குத் தண்ணி வாங்கிட்டு வா."

"இங்கயே பாக்கெட் தண்ணி இருக்கேம்மா."

"அது சூடா இருக்கு. போடா."

அவன் போனான். என்னையும் அனுப்பியிருக்கலாம், கடை என்னுடையது என்பதால் விட்டுவிட்டார் போலிருக்கிறது. நான் பிரிண்டரைத் திறந்து அதில் இல்லாத கோளாறைத் தேட ஆரம்பித்தேன்.

"கடைசி வரைக்கும் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல துடைப்பார், டீச்சர்" என்றார் எக்குவாம்மா. "காலைல வண்டி காலியா நிக்கும். பக்கத்துல ஈ காக்கா இருக்காது. அப்பவும் அந்தப் பக்கம்தான் முதல்ல. நான் வாசல்ல நின்னு கத்துவேன், 'உங்க பக்கத்தைத் துடைங்க மனுஷா, அங்க யார் உட்காரப் போறா, பேயா?'ன்னு. சிரிப்பார். கிறுக்குன்னு நெனச்சேன். நீங்க கேட்டப்போ சொல்லணும்னுகூடத் தோணலை எனக்கு."

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்குமா?" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அந்த வகுப்பறைத் தொண்டையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின நாள்கூட."

"எக்குவா, நான் ஒண்ணும்..."

"நீங்க ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு கண்ணு வச்சிருந்தேன். நீங்க ஒண்ணுமே பண்ணலை. அதுதான் எனக்குக் கோவம். ஏதாவது பண்ணியிருந்தா சந்தையில உங்க தலைமுடியைப் பிடிச்சு ஒரு நாள் சண்டை போட்டு முடிச்சிருப்பேன். சண்டை போடவும் விடலை நீங்க."

பேசிக்கொண்டே வந்த எக்குவாம்மா நிறுத்தி, முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"எனக்கும் ஆசைதான். ஒரு தடவை, 'எக்குவா, முன்னாடி வந்து உட்காரு'ன்னு சொல்வாரான்னு பார்த்தேன். வாந்தி வந்தா வரட்டும்னு உட்கார்ந்திருப்பேன். நல்ல மனுஷன், எல்லாம் குடுத்தார். அதை மட்டும் சொல்லவே இல்லை."

இரண்டு பெண்களும் அழவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கண்தான் கரித்தது. பிரிண்டர் மையாக இருக்கும் என்று துடைத்துக்கொண்டேன்.

ஜோயல் தண்ணீரோடு வந்தான். "அழிச்சாச்சா?"

"அழிக்கலை. அப்படியே இருக்கட்டும்."

"அம்மா, அது நடக்கவே இல்லையே!"

"உனக்கென்ன தெரியும்? அவரு பொண்டாட்டி நானா, நீயா?"

அவன் தண்ணீரை அம்மாவிடம் நீட்டினான். "சரி, லண்டன் சித்தி பொண்ணு வாசிக்கட்டும். அவ இங்கிலீஷ் நல்லாயிருக்கும்."

எங்கள் பக்கம் விதவை தன் அஞ்சலியைத் தானே வாசிப்பதில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்து அழுவதுதான் அவள் வேலை. தங்கையோ, மகளோ, உறவுக்காரப் பெண்ணோ எழுந்து மனைவியின் சார்பில் வாசிப்பாள். நல்ல குரலாக, நல்ல உடுப்பாகப் பார்த்து நிறுத்துவார்கள்.

எக்குவாம்மா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "டீச்சர் வாசிக்கட்டும்" என்றார்.

"இவங்க குடும்பமே இல்லையேம்மா. குடும்பத் தலைவர் கேள்வி கேப்பார்."

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். என் வாயா யார் நிக்கணும்னு நான்தான் சொல்லணும். அந்த வரியை வேற எந்தப் பொம்பளையும் அவர் பெட்டி பக்கத்துல நின்னு வாசிக்கறதை என்னால கேக்க முடியாது." பிறகு டீச்சரைப் பார்த்து, "கறுப்பும் வெள்ளையும் இருக்கா உங்ககிட்ட? இல்லாட்டி என்கிட்ட ஒண்ணு இருக்கு, இடுப்புதான் ரெண்டு சுத்து வரும்" என்றார்.

டீச்சர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "இருக்கு" என்றார்.

சனிக்கிழமை தேவாலயம் நிரம்பி வழிந்தது. டிரைவர்கள் வெளியே வரிசையாக வண்டிகளை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். பெட்டி முன்னால், பூக்களோடு. குடும்பத் தலைவர் குடும்பத்தின் அஞ்சலியை வாசித்தார், வழக்கம்போல நடுவில் தன் கதையையும் சேர்த்துக்கொண்டார். அடுத்து, "மனைவியின் சார்பில், டீச்சர் எர்னஸ்டினா எசுமான்" என்று போதகர் கூப்பிட்டார்.

ஆசிரியர்கள் பெஞ்சிலிருந்து அவர் எழுந்தார். பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, ஆனால் அன்றைக்கு அது தானாகவே மூடிக்கொண்டது. வரிசைகளுக்கு நடுவே நடந்து போனார். வாசிக்கிறவர்கள் வழக்கமாக ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்பார்கள். டீச்சர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். புத்தகத்தைத் திறந்தார். சபையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

முதல் சொல் எனக்குத் தெரியும், அச்சுக் கோத்தவன் நான். அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பாவம், அழுகையை அடக்குகிறார் என்று ஜனம் நினைத்தது. "தண்ணி குடுங்க அவங்களுக்கு" என்றாள் என் பக்கத்திலிருந்த கென்கேக்காரி. அழுகை இல்லை அது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கை முழுக்க வாய்க்குள் வைத்திருந்த ஒரு சொல். அதை அவசரப்பட்டுச் சொல்லி முடித்துவிட அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

முன் பெஞ்சிலிருந்து எக்குவாம்மா, அக்கம்பக்கம் கேட்கும்படியாகவே, "சொல்லுங்க" என்றார்.

"என் கணவர்" என்றார் டீச்சர்.